கறி மணக்காத புகை

சனிக்கிழமைகளில் கோட்-டெ-நெய்ஜ் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் என்னோடு தேநீர் குடிக்கிற என் வயதுக்காரர்களே, என்னைப் பற்றி நீங்கள் ஒரு குறை சொல்வது என் காதுக்கும் வந்தது. "உந்த மனிசிக்கு ஒரு இடத்திலை இருப்புக் கொள்ளாது" என்கிறீர்களாம். உண்மைதான். தேநீர் ஆறுவதற்குள் இரண்டு தரம் படியேறிப் போய் பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். பார்த்து என்ன? மகன் வீட்டுக்கு, கர்க்லாண்டுக்குத் திரும்பிப் போகிற பஸ்தான். அங்கே போனாலும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்க மாட்டேன்.

இன்னொரு குறையும் உங்கள் மனதில் உண்டு. ஊர்க் கதை வரும்போது நான் வாய் திறப்பதில்லை. உங்கள் கோயில் தேர், உங்கள் பள்ளிக்கூடத்து மாமரம், உங்கள் கிணற்றுத் தண்ணீரின் ருசி என்று மேசை நிறையக் கதை நடக்கும். "நீங்கள் எந்த இடம்?" என்று யாராவது என் பக்கம் திரும்பினால் "வன்னிப் பக்கம்" என்று சொல்லிவிட்டு ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொள்வேன். வன்னியில் எங்கே என்ற கேள்வி வருவதற்குள் பஸ் பார்க்க எழும்பிவிடுவேன்.

இன்றைக்கு எழும்பாமல் சொல்கிறேன். அதற்குக் காரணம் என் பேரன்.

போன கிழமை அவன் பள்ளிக்கூடத்தால் வந்து பையைச் சோபாவில் எறிந்தான். "அப்பம்மா, ஒரு பெடியன் என்னைக் கொலோன் எண்டு சொன்னவன்" என்றான். அது பிரெஞ்சுச் சொல்லாம். என்ன அர்த்தம் என்று கேட்டேன். "பட்டிக்காட்டான் மாதிரி. மனேர்ஸ் தெரியாத ஆள்." கோபம் தீராமலே பையைத் திறந்து சரித்திரப் பாடத்தைக் காட்டினான். மரம் வெட்டிய வெளியில் கோடாலியோடு ஒரு மனிதன். பக்கத்தில் மரக்குற்றிகளால் கட்டிய குடிசை. அதன் வாசலில் அவன் மனைவி, பிள்ளைகள். "இந்தாளும் கொலோன்தான் அப்பம்மா. காடு வெட்டி ஃபார்ம் செய்ய வந்த ஆள். அதே சொல்லுத்தான்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தேன். பேரன் பயந்துபோய் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

எங்களையும் அப்படித்தானே சொன்னார்கள். அரசாங்கம் காட்டைத் துண்டு துண்டாக அளந்து, காணி இல்லாதவர்களுக்குக் கொடுத்த குடியேற்றத் திட்டத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் கொலனி. அதற்குள் போனவன் கொலனிக்காரன். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லைச் சொல்லும்போது மூக்குக் கொஞ்சம் சுருங்கும். உங்களில் சிலருக்கு இப்போதும் சுருங்குகிறது. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பேரனுடைய படத்தில் கோடாலிக்காரனை விட அவன் மனைவியைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். அவள் குடிசையையும் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு தூரத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவள் எதைத் தேடினாள் என்று எனக்குத் தெரியும்.

என் ஐயா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், குடும்பத்தில் கடைசிப் பிள்ளை. இருந்த புகையிலைத் தோட்டமெல்லாம் அத்தைமாருக்குச் சீதனமாகப் போக, அவருக்கு மிஞ்சியது ஒரு மாடு படுத்தெழும்பக் காணாத துண்டு நிலம். அவருக்கும் என்னைப் போலக் கால் ஓரிடத்தில் நிற்காது. வன்னியில் ஒரு குளத்துக்குக் கீழே காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து 'ஏக்கர்' என்ற சொல்லைக் கற்கண்டு மாதிரி வாயில் வைத்து உருட்டிக்கொண்டு திரிந்தார். பதினாறு சேர்ந்தால்தான் ஓர் ஏக்கராகிற பரப்புக் கணக்கில் நிலம் பார்த்த மனிதருக்கு ஏக்கர் பெரிய சொல்தான்.

ஒரு கட்டுப்பாடு இருந்தது. குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். ஆம்பிளை மட்டும் போய் விதைத்துவிட்டு வருகிற கதை சரிவராது. குடியிருக்காவிட்டால் காணியைப் பறித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இதைப் பார்க்கவென்று ஓர் ஓவசியர் சைக்கிளில் வருவார். அவர் இறங்கி விசாரித்ததை நான் கண்டதில்லை. வாய்க்கால் கட்டில் நின்று ஒவ்வொரு கொட்டில் வீட்டிலும் அடுப்புப் புகை வருகிறதா என்று பார்ப்பார். புகை வந்தால் குடும்பம் இருக்கிறது. அவ்வளவுதான் அவருடைய சட்டம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பி இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை. லொறி எங்களை ஒரு பின்னேரம் இறக்கிவிட்டுப் போனது. எரித்த காடு. கரிக்கட்டைகள் இன்னும் சூடாக இருந்தன. செருப்பில்லாத என் காலில் சாம்பல் மெத்தென்று ஒட்டியது. அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த பச்சை றங்குப் பெட்டி, மூடியில் இரண்டு அன்னம் கீறியது, அந்தச் சாம்பலுக்குள் தனியே நின்றது. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"என்னப்பா இது? சுத்திவர ஒரு வேலிகூட இல்லை. வேலி இல்லாத இடத்திலை மனிசர் சீவிப்பினமே?"

ஐயா அதைக் கவனமாகக் கேட்டார். "அடைச்சுத் தாறன்" என்றார்.

"ஒரு போகம்" என்றார் அம்மா. "ஒரே ஒரு போகம் பாப்பன். பேந்து பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிடுவன். சொல்லிப்போட்டன்."

அம்மா போனால் அடுப்பு எரியாது. அடுப்பு எரியாவிட்டால் காணி இல்லை. ஐயாவின் ஏக்கர்கள் அத்தனையும் அம்மாவின் வாயில் இருந்தன. அது எனக்கும் விளங்கியது.

அடுத்த நாள் காலையில் கரிக்கட்டைகளுக்கு மேலால் தாண்டித் தாண்டி ஒரு பெண் வந்தார். ஒரு கையில் சட்டி, மறு கையில் சிரட்டைக்குள் நெருப்புத் தணல். "அக்கை, பனியிலை உங்கடை நெருப்பெட்டி நனைஞ்சிருக்கும் எண்டு நினைச்சன்" என்றார். பக்கத்துக் காணிக்கு எங்களுக்கு முதலே வந்தவர்கள். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதி ஆட்கள். அவரை நாங்கள் தீவு மாமி என்றோம், அவருடைய புருஷனைத் தீவு மாமா என்றோம்.

தீவு மாமியின் சிரிப்பு வாய்க்கால் வரை கேட்கும். "ஊரிலை கடலைப் பாத்துக்கொண்டு இருந்தனான், இஞ்சை மரத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். ரெண்டும் திருப்பிக் கதைக்காது, அக்கை" என்பார். அம்மா அதற்குச் சிரித்தார். வன்னிக்கு வந்த பிறகு அம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். அவருடைய கருவாட்டுக் குழம்பு எங்கள் பக்கம் வரும். அம்மாவின் முருங்கையிலை வறை அந்தப் பக்கம் போகும். தம்பிக்குக் கூதல் காய்ச்சல் வந்து பல்லுக் கிட்டி நடுங்கியபோது மாமிதான் தன்னுடைய சேலையாலும் மூடி, குயினைனைக் கரைத்துப் பருக்கினார். அந்தக் கசப்பை நானும் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் நாக்குச் சுருளுகிறது.

ஐயாவுக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. அவர் அம்மாவுக்கு வேலி அடைத்துக்கொண்டிருந்தார்.

மற்றக் கொலனிக்காரர்கள் வெட்டிய முள்ளையும் கொப்பையும் இழுத்துப்போட்டு அலம்பல் வேலி வைத்துவிட்டு விதைப்புக்கு ஓடினார்கள். ஐயா அப்படிச் செய்வாரா? என் மனிசி கேட்டது யாழ்ப்பாணத்து வேலி என்று முடிவெடுத்துவிட்டார். காட்டுக்குள் போய் நேரான கிளைகளாகப் பார்த்துக் கதியால் வெட்டி வந்து நட்டார். பனையோலையை ஊரிலிருந்து லொறியில் இறக்கினார். சுற்றிவர மரம் நிற்கிற காட்டுக்குள் வேலிக்கு ஓலை கொண்டுவந்த மனிதரைப் பார்த்து லொறிக்காரன் சிரித்தான். ஐயாவின் கையில் தோல் கழன்றது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. வயல் பாதி உழாமல் கிடந்தது. ஐயா வேலிக்கு வரிச்சுத் தடி கட்டிக்கொண்டிருந்தார்.

வேலி என்றால் எல்லை வரும், எல்லை என்றால் சண்டை வரும். இது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் யாருக்கும் சொந்தமில்லாத காடு. அதற்கு நடுவில் ஒரு சாண் நிலத்துக்கு இரண்டு யாழ்ப்பாணத்தார் கயிறு பிடித்து நின்றார்கள்.

"அண்ணை, உங்கடை கதியால் என்ரை காணிக்குள்ளை நிக்குது" என்றார் தீவு மாமா.

"கதியால் சரியாத்தான் நிக்குது. உம்மடை கண்தான் என்ரை காணிக்குள்ளை நிக்குது" என்றார் ஐயா.

"உங்கடை புகையிலைத் தோட்டத்து விளையாட்டை இஞ்சை காட்டாதேங்கோ."

"கடலுக்கு எல்லை தெரியாத ஆக்களுக்குக் காணிக்கு எல்லை தெரியுமே?"

அதோடு முறிந்தது. ஐயா இரட்டை ஓலை வைத்துக் கட்டினார். தீவு மாமா அவருடைய பக்கத்தில் இன்னொரு வரிசை ஓலை வைத்தார். "அங்காலை ஒருத்தரும் கதைக்கப்படாது" என்று எங்களுக்குக் கட்டளை வந்தது. அந்தப் பக்கமும் அதே கட்டளை போயிருக்கும். அடுத்த நாள் நெருப்புத் தணல் வரவில்லை. முருங்கையிலை வறையும் போகவில்லை.

வேலி நல்ல வேலி. ஐயா தூர நின்று அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். மழைக்குக் கதியால்கள் துளிர்த்துப் பச்சை பிடித்தன. பன்றிகள் மட்டும் அதைச் சட்டை செய்யவில்லை. கீழால் கிளறிக்கொண்டு வந்து மரவள்ளியைத் தின்றுவிட்டு வந்த வழியே போயின. பிந்தி விதைத்த வயல் பாதிதான் தேறியது. தம்பிக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தபோது அம்மா தனியே அவனை மடியில் வைத்துக்கொண்டு கிடந்தார். ஒரு நாள் அவர் வேலியோடு காதை வைத்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். "என்னம்மா?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை, ஓலை சரசரக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அம்மா மெலிந்துகொண்டு வந்தார். யாரோடும் கதைக்காத மனிசி கடைசியில் எங்களோடும் கதைக்காமல் விட்டார். எனக்கு அந்த வேலியைக் கொளுத்திவிட வேண்டும்போல் இருந்தது.

மாசியில் அரிவு வெட்டு முடிந்தது. சூடு அடித்து நெல்லைச் சாக்கில் கட்டினார்கள். எதிர்பார்த்ததில் பாதிதான், ஆனாலும் ஐயாவுக்குச் சந்தோஷம். அடுத்த போகத்துக்கு எந்தத் துண்டில் மிளகாய், வேறொரு குளத்தடியில் இன்னும் நல்ல மண்ணாம் என்று கால் பறக்கக் கதைத்துக்கொண்டிருந்தார். அம்மா றங்குப் பெட்டியை வெளியே இழுத்து வெயிலில் வைத்துத் துடைத்தார். ஒரு போகம் முடிந்துவிட்டது. ஐயாவின் கதை பாதியில் நின்றது.

உடுப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டே அம்மா வேலிப் பக்கம் பார்த்தார்.

"பக்கத்து வளவிலை கொஞ்ச நாளாப் புகை வருது. ஆனாக் கறி மணக்கேல்லை."

"புகை வந்தா உனக்கென்ன?" என்றார் ஐயா.

"வெங்காயம் வதங்கிற மணம் இல்லை. மீன் மணம் இல்லை. பச்சை இலைப் புகை. அது சமைக்கிற புகை இல்லையப்பா, ஓவசியருக்குக் காட்டுற புகை. அவ அங்கை இல்லை."

ஐயா வெடித்தார். "அவ இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? உனக்கு இஞ்சை என்னதான் குறை? வேலி கேட்டாய். விதைப்பை விட்டிட்டு, கையிலை தோல் போக, உனக்கு வேலி அடைச்சுத் தந்தன். அதுக்குப் பிறகும் பெட்டி கட்டுறாய்."

"வேலியோ?" அம்மா நிமிர்ந்தார். "நான் எப்ப வேலி கேட்டன்?"

"வந்த அண்டைக்கு. லொறியாலை இறங்கின உடனை. வேலி இல்லாத இடத்திலை மனிசர் சீவிப்பினமே எண்டு கேட்டாய். மறந்து போனியே?"

அம்மா கையிலிருந்த தம்பியின் சட்டையைப் பெட்டிக்குள் போட்டார். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் அப்படியே சாம்பல் மண்ணில் இருந்துவிட்டார்.

"ஐயோ, என்ரை மனிசா! வேலி எண்டா அதுக்கு அங்காலை ஒரு ஆள் இருக்குமெல்லோ. அதைத்தானே சொன்னனான்."

உங்களுக்கு விளங்கும். நாங்கள் வளர்ந்த இடத்தில் வேலி என்பது காலையில் முதல் கதை தொடங்குகிற இடம். "என்ன அக்கை, இண்டைக்கு என்ன கறி?" என்ற குரல் ஓலைக்கு அப்பாலிருந்துதான் வரும். அந்த வேலியில் ஆள் புகுந்து வருகிற அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கும், அதைப் பொட்டு என்போம். வாசல் படலையால் போவது கல்யாணத்துக்கும் செத்த வீட்டுக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் பொட்டுத்தான். வேலி என்று ஐயா காதில் விழுந்தது எல்லை. அம்மா வாயிலிருந்து வந்தது பொட்டு. ஒரே வீட்டில் ஒரே தமிழ்தான் பேசினார்கள். இருந்தும் ஒரு போகம் முழுக்கப் பிழையாக விளங்கிக்கொண்டு என் ஐயா, அம்மா கேட்ட ஒரே ஒரு பொருளைத் தன் கையாலேயே ஓலை வைத்து அடைத்துவிட்டார். இதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் அவர் மேல் கோபம் வருகிறது. கோபம் வந்த கையோடு அழுகையும் வருகிறது.

அடுத்த நாள் விடிய ஐயா கத்தியை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனார். அம்மாவைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"எவ்வளவு பெரிசா?"

அம்மா அடுப்படியில் நின்றபடி சொன்னார். "ஒரு மனிசி சட்டியோடை குனியாமல் வாற அளவு."

ஐயா கட்டுக் கயிற்றை அறுத்தார், இரண்டு பக்கத்து ஓலையையும் பிரித்தார், ஒரு கதியாலைப் பிடுங்கினார். சத்தம் கேட்டுத் தீவு மாமா அந்தப் பக்கத்தால் குழி தோண்டுகிற அலவாங்கோடு ஓடி வந்தார். அடிபிடி வரப் போகிறது என்று நான் தம்பியை இழுத்துப் பிடித்தேன்.

"என்னண்ணை செய்யிறியள்?"

"பொட்டு வைக்கிறன்."

தீவு மாமா அலவாங்கை நிலத்தில் ஊன்றினார். அவருடைய முகம் கோபிப்பதா, என்ன செய்வது என்று தெரியாமல் கோணியது. "ஆருக்கு, அண்ணை? அவ பிள்ளையளோடை ஊருக்குப் போயிட்டாவெல்லோ" என்றார்.

அம்மா ஐயாவை விலக்கிக்கொண்டு பொட்டுக்குள்ளால் போனார். நான் பின்னால் போனேன். அந்தப் பக்கத்துக் கொட்டிலில் சட்டி பானை எல்லாம் கவிழ்த்துக் கிடந்தன. அடுப்பில் பச்சை இலை புகைந்துகொண்டிருந்தது. மனைவி இல்லாத வீட்டில் அந்த மனிதர் காணிக்காக நாள் முழுக்க ஊதி ஊதிப் புகை காட்டியிருக்கிறார். கண் இரண்டும் சிவந்து, இருமிக்கொண்டு நின்றார். புகைக் கண்ணா அழுத கண்ணா என்று எனக்கு அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அன்று மத்தியானமே அம்மா எங்களையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். ஐயா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் வரும் றோட்டு வரை வந்தார். திரும்பி வருவாயா என்று அவர் கேட்கவில்லை. வருவேன் என்று அம்மா சொல்லவும் இல்லை. பஸ் புழுதிக்குள் ஐயா நின்றது எனக்குத் தெரிகிறது. அவருடைய கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கை வேலையில்லாமல் தொங்கியதை அதற்கு முன் நான் கண்டதில்லை. அம்மா எந்த எண்ணத்தோடு பஸ் ஏறினார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமோ என்பதும் சந்தேகம்.

பெரியம்மா வீட்டில் போய் இறங்கினோம். அம்மாவின் சொந்த அக்கா. வாசலில் நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தார். வெயிலில் கறுத்த முகம், புண் ஆறின என் கால்கள், தம்பியின் ஊதின வயிறு. உள்ளே திரும்பிச் சத்தம் போட்டுச் சொன்னார்: "இஞ்சை பாருங்கோ, கொலனிக்காரி வந்திட்டா! காலுக்குத் தண்ணி குடுங்கோ."

பகிடிக்குத்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். பெரியம்மாவின் பிள்ளைகள் சிரித்தார்கள். விறாந்தையில் பாய் போட்டுத் தந்தார்கள், உள்ளே கூப்பிடவில்லை. எங்கள் வளவில் இருந்தது போலவே அம்மா அங்கும் பேசாமல் இருந்தார். அங்கேயோ சுற்றிவர வேலி, வேலி முழுக்க ஆட்கள்.

விடிந்ததும் தலையை வாரிக் கட்டிக்கொண்டு பெரியம்மாவிடம் போனார்.

"ஓம் அக்கா, கொலனிக்காரிதான். தீவுக்குப் போற முதல் லோஞ்ச் வள்ளம் எத்தினை மணிக்கு எண்டு அத்தானைக் கேட்டுச் சொல்லுங்கோ."

அந்தப் பயணத்தில் கடலைத்தான் நான் முழுக்கப் பார்த்தேன். அவ்வளவு கடலை முதல் தரம் பார்க்கிறேன். மாமி சொன்னது சரி, அது திருப்பிக் கதைக்கவில்லை. தீவில் இரண்டு மூன்று இடத்தில் விசாரித்துத் தீவு மாமியின் தாய் வீட்டைப் பிடித்தோம். மாமி முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாய்க்கால் வரை சிரிப்புக் கேட்கிற அந்த மாமிதானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"எங்கை வந்தனீங்கள்?"

"உம்மடை மனிசன் பச்சை இலையைக் கொளுத்திப்போட்டு இருமிக்கொண்டு இருக்கிறார்."

"இருமட்டும். நீங்கள் ஏன் அதுக்கு வந்தனீங்கள்? நீங்கள்தானே வேலி கேட்டனீங்கள். 'என்ரை மனிசி வேலி இல்லாமல் இருக்கமாட்டாளாம்' எண்டு உங்கடை ஆள்தான் இவருக்குச் சொன்னது. என்ரை சட்டியும் என்ரை சிரிப்பும் உங்களுக்கு அரியண்டமாப் போச்சாக்கும் எண்டு நினைச்சன், அக்கை. அதுக்குப் பிறகு எனக்கு அங்கை ஆர் இருக்கினம்?"

அம்மா அழுதார். நான் பார்த்த வரையில் அந்தப் போகத்தில் அவர் அழுதது அப்போதுதான். பெட்டி கட்டும்போது அழவில்லை, 'கொலனிக்காரி' என்றபோது அழவில்லை. ஓலைக்கு இந்தப் பக்கம் தான் காது வைத்து நின்றபோது, அந்தப் பக்கம் ஒருத்தி தன்னை வேண்டாம் என்று தள்ளியதாக நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள் என்பதைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை.

"நான் வேலி கேக்கேல்லைத் தங்கச்சி. உம்மைத்தான் கேட்டனான். அந்த மனிசனுக்கு விளங்கேல்லை."

மாமி மீன் கத்தியைக் கீழே வைத்தார். எழும்பவில்லை.

"இப்ப பொட்டு வைச்சாச்சு" என்றார் அம்மா.

"எவ்வளவு பெரிசா?" என்று மாமி கேட்டார்.

அம்மா சொன்னார். மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு சேர்ந்து வந்ததால் அது முதலில் இருமல் மாதிரி இருந்தது, பிறகு சரியான சிரிப்பாகவே வந்தது. அடுத்த வீட்டு வேலியால் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு கிழமை கழித்து இரண்டு மனிசிமாரும் நாங்கள் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினோம். வாய்க்கால் கட்டில் நடந்து வரும்போது அம்மா சட்டென்று நின்றுவிட்டார். இரண்டு கொட்டிலுக்கும் சேர்த்து ஒரே ஒரு புகைதான் மேலே போய்க்கொண்டிருந்தது. எங்கள் வளவில் புகை இல்லை. ஐயா எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டார் என்று நினைத்தேன். அவருடைய கால் அப்படிப்பட்ட கால். அம்மா முகத்தை நிமிர்த்திக் காற்றை மோந்தார்.

"கறி மணக்குது" என்றார். "அடிப்பிடிச்ச மணம்தான். ஆனாலும் கறி."

தீவு மாமாவின் அடுப்புக்கு முன்னால் இரண்டு பேரும் குந்திக்கொண்டிருந்தார்கள். ஐயா அகப்பையோடு, தீவு மாமா ஊதுகுழலோடு. எங்களைக் கண்டதும் இரண்டு பேரும் எழும்பினார்கள். ஐயாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "உப்புக் கூடிப்போச்சு" என்றார். அம்மா அவர் கையிலிருந்த அகப்பையை வாங்கிக்கொண்டார். அந்த ஒரு போகம் பிறகு பல போகமானது.

அந்தக் காணிக்கும் வேலிக்கும் பின்னால் என்ன ஆனது என்று கேட்காதீர்கள். யுத்தத்தில் உங்களுடையவற்றுக்கு ஆனதுதான். அன்னம் கீறின பச்சைப் பெட்டியும் ஏதோ ஓர் இடப்பெயர்வில் ஏதோ ஒரு றோட்டோரத்தில் நின்றுபோனது.

இப்போது கர்க்லாண்டுக்கு வருகிறேன். என் மகன் நல்ல பிள்ளை. பெரிய வீடு, பின்னால் புல் வளவு. எல்லா வீட்டுப் புல்லும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும், அதில் ஒரு மனிதரையும் காண முடியாது. பின்வீட்டில் என் வயதில் ஒரு கியூபெக்காரி தனியாக இருக்கிறா. உடுப்புக் காயப்போட வரும்போது தூரத்தில் நின்று "போன்ஜூர்" என்பா. நானும் "போன்ஜூர்" என்பேன். அதற்கு மேல் அவவுக்கு என் தமிழ் இல்லை, எனக்கு அவவின் பிரெஞ்சு இல்லை. போன வருஷம் ஒரு நாள் அலுப்பில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்: "இஞ்சை ஒரு வேலிகூட இல்லையடா."

மகன் அதைக் கவனமாகக் கேட்டான். பனி கரைந்த உடனே ஆட்களைக் கூட்டி வந்து, என்னை விட உயரமான பலகை வேலி அடித்துத் தந்தான். கியூபெக்காரியின் உடுப்புக் கொடி அதோடு மறைந்தது. கோடை முழுக்க நான் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை எப்போது வரும் என்று பார்த்திருந்து பஸ் ஏறி உங்களிடம் ஓடி வந்தேன். உங்களிடமும் இருக்க முடியாமல் பஸ் பார்க்க எழும்பினேன்.

பேரன் அந்தப் படத்தைக் காட்டின அன்று இரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. விடிந்ததும் ஒரு சட்டியில் கத்தரிக்காய்க் குழம்பை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றிப் போய்ப் பின்வீட்டுக் கதவைத் தட்டினேன். அவ உள்ளே கூப்பிட்டு ஒரு கதிரையைக் காட்டினா. பாதிக் கையும் பாதிப் பிரெஞ்சுமாக வேலியைக் காட்டி, அதில் ஒரு பொட்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். அவவுக்கு விளங்கவே இல்லை. யன்னலுக்குக் கூட்டிப் போய், வெளியே தெரிந்த வேலிக்கு நேரே கண்ணாடியில் விரலால் ஒரு வாசல் கீறி, சட்டியை எடுத்துக்கொண்டு நடந்து காட்டினேன். "ஆ, வுய்! வுய்!" என்றா. ஓம், ஓம் என்கிறா. சிரித்தா. சின்னச் சிரிப்புத்தான், பழக்கினால் பெருக்கும்.

நேற்றுப் பின்னேரம் மகனைப் பின்வளவுக்குக் கூப்பிட்டு, இரண்டு மூன்று பலகையைக் கழற்றச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வை அப்படியே ஐயா.

"என்னம்மா நீங்கள்? நீங்கள்தானே வேலி கேட்டனீங்கள்?"

"நான் எப்ப வேலி கேட்டன்?"

அவன் பெருமூச்சு விட்டான். உள்ளே போய் ஆணி கழற்றுகிற சாமானை எடுத்து வந்தான். பலகைக்கு முன்னால் நின்று, திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"எவ்வளவு பெரிசாம்மா?"